ஆறு, ஏழு, ஒன்பது, இருபது

என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்பார்க் பிளக் கிடக்கிறது. நுனிப் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்து, அங்கங்கே கொப்புளம் கட்டியிருக்கிறது. நடுவில் உள்ள எலக்ட்ரோடு பாதி எரிந்த சூடத்துண்டுபோல மழுங்கிப்போயிருக்கிறது. 2009 மே மாதம் வால்பாறை மலைப்பாதையில் என் மாருதி 800இன் நடு பிஸ்டனில் ஓட்டை விழுந்த அன்று கழற்றியது. வெளிப் பீங்கானில் அச்சடித்திருக்கும் எண் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருவர்கூட அந்த வாரம் பொள்ளாச்சியில் எனக்கு அகப்படவில்லை. எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் போன பிறகும் அந்த வயிற்றெரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது. இன்றைக்குக் கடைக்குப் போனாலும் அதே பதில்தான் வருகிறது: "எல்லாம் ஒண்ணுதானுங்க."

நடந்ததைச் சொல்கிறேன். அக்கா வீடு அப்போது வால்பாறையில், எஸ்டேட் குடியிருப்பில். கோடை விடுமுறைக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், டிக்கி நிறைய அரிசியும் தேங்காயும். முந்தின வாரம் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டேன். கார்பரேட்டர் மாடல். மெக்கானிக் நாணயமான மனிதர். அவர்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. "லோடு ஏத்திட்டு மலை ஏறப் போறீங்க, பிளக்கை ஒரு நம்பர் ஏத்திப் போட்டுக்கலாமுங்க, கூலா ஓடும்" என்றார். இழுவைக்காக டைமிங்கையும் நாலைந்து டிகிரி முன்னால் தள்ளி வைத்தார். அவர் சொன்ன பிளக் கடையில் இல்லை. கவுண்டரில் இருந்தவர் வேறு கம்பெனிப் பெட்டியை எடுத்து வைத்தார். "இது அதைவிடப் பெரிய நம்பருங்க, இன்னும் கூலு." மூன்று பிளக், 240 ரூபாய். மரை சரியாக ஏறியது. ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங் ஆடாமல் நின்றது. யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆழியாறு தாண்டி ஏறத் தொடங்கினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் அணை முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடுகள் நிற்கும். அன்று நின்றன. அம்மா பார்க்கட்டும் என்று வண்டியை ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவிய பிறகும் நாலைந்து நொடி உதறி உதறி ஓடிவிட்டுத்தான் அடங்கியது. பிளக்குக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே பெட்ரோல் பற்றுகிறது என்றால், பற்றவைக்கும் அளவுக்கு ஏதோ ஒன்று உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது வண்டி எனக்குச் சொன்ன முதல் சேதி. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி ஏறினேன்.

அதற்கு மேல் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். செகண்ட் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது கூடியது. பின்சீட்டில் இருந்து அம்மா, "கண்ணு, வண்டிக்கு மூச்சு வாங்குதாட்ட இருக்குது, கொஞ்சம் நிறுத்து" என்றார். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. இன்னும் சில வளைவுகள். திடீரென்று இழுவை போய், மூன்றில் ஒரு சிலிண்டர் செத்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கும் ஓட்டையிலிருந்து நீலப்புகை வந்தது. பிள்ளைகளையும் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் வண்டியோடு கயிறு கட்டிக் கீழே இறங்கினேன். ஹெட்டைக் கழற்றியபோது நடு பிஸ்டன் தலையின் மத்தியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விளிம்பு உடையவில்லை, ரிங் பக்கம் ஒன்றும் இல்லை, நட்டநடுவில் உருகிய ஓட்டை. அது நேரம் தவறி முன்கூட்டியே பற்றியதன் அடையாளம் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். பிஸ்டன், ரிங், கேஸ்கட், போர், கூலி என்று 16,000 ரூபாய் ஆனது.

கடைக்காரர் கொடுத்த பிளக் கூல் பிளக்கே அல்ல. அந்தக் கம்பெனியின் கணக்கில் எண் பெரிதானால் சூடு. கையேட்டில் உள்ளதைவிட ஒரு படி குளிர்ச்சியானது வேண்டும் என்று கேட்டுப் போனவனுக்கு, இரண்டு படி சூடானது கிடைத்தது.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. டென்சோவிலும் அப்படித்தான். பாஷில் எண் ஏற ஏறச் சூடு. சாம்பியனிலும் அப்படியே. 14 மில்லிமீட்டர் மரையும் 19 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, பழைய கார்களில் சர்வசாதாரணமாகக் கிடக்கும் ஒரு நடுத்தரப் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். என்.ஜி.கே.யில் அதன் பெயர் பி.பி.6.இ.எஸ். பாஷில் டபிள்யூ.7.டி.சி. சாம்பியனில் என்.9.ஒய்.சி. டென்சோவில் டபிள்யூ.20.இ.பி. நான்கும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்காரன். ஆறு, ஏழு, ஒன்பது, இருபது! இதில் ஒன்றைக் கூட்டினால் என்.ஜி.கே.யில் குளிரும், பாஷில் சுடும். டென்சோவில் ஒன்றைக் கூட்டிப் பயனில்லை, ஏனென்றால் அங்கே 20க்கு அடுத்தது 22. அதற்குப் பிறகு 24, 27. ஒரு கம்பெனியின் வரிசையைப் படித்தவன் இன்னொரு கம்பெனியின் பெட்டியை எடுத்தால் தடுமாறாமல் என்ன செய்வான்?

செருப்புக்குக்கூட ஏழு என்றால் எட்டைவிடச் சிறியது என்று எல்லாக் கடையிலும் ஒரே கணக்கு. பல்புக்கு வாட், துணிக்கு மீட்டர், ஆணிக்கு அங்குலம் என்று வந்தாயிற்று. எஞ்சினுக்குள் நெருப்பு மூட்டும் பொருளுக்கு மட்டும் வீட்டுக்கு வீடு வேறு வாசற்படி.

சரி, கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்றாவது மனதில் இருத்திக்கொள்ளலாம் என்றால், பாஷ் தன் கணக்கைத் தானே ஒருமுறை தலைகீழாக்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் அவர்களுடைய எண் மூன்று இலக்கம்: 145, 175, 225 என்று போகும். சோதனை எஞ்சினில் பிளக்கை மாட்டி ஓட்டி, அது கனன்று தானாகப் பற்றவைக்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து வைத்த எண் அது. நொடி கூடினால் தாக்குப்பிடிக்கிறது, அதாவது குளிர்ந்த பிளக். அதைவிட நேர்மையான ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை. எதை அளந்தார்களோ அதையே எழுதினார்கள். பின்னால் அதை எடுத்துவிட்டு ஓரிலக்கம், ஈரிலக்கம் கொண்டு வந்தபோது 145 என்பது 8 ஆனது, 175 என்பது 7 ஆனது. பெரியது சிறிதாயிற்று. மூன்று இலக்க எண்ணோடு தொழில் பழகிய ஒரு பெரியவரைப் பிறகு பார்த்தேன். "நம்பர் ஏறினா கூலுன்னுதான் எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்தாரு" என்றார். அவர் வாத்தியார் பொய் சொல்லவில்லை. அவருடைய காலத்தில், அவர் கையில் இருந்த பெட்டியில், அதுதான் உண்மை. தென்னிந்தியப் பட்டறைகளில் பிளக் என்றாலே மைக்கோ என்றிருந்த காலம் அது. 1951இல் தொடங்கிய மைக்கோவும் 2008இல் பாஷ் என்றே பெயர் மாறிவிட்டது. பெட்டி மாறியது, எண் மாறியது, பட்டறைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

(சாம்பியன் என்பது வெற்றிப் பட்டம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஆள் பெயர். 1899இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்ற ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரர் பிறகு அமெரிக்காவில் பிளக் செய்யப் போனார். ஏ.சி. பிளக்கின் இரண்டு எழுத்துகளும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளே. என்.ஜி.கே.யோ மின்கம்பப் பீங்கான் செய்துகொண்டிருந்த கம்பெனியிலிருந்து 1936இல் நகோயாவில் பிரிந்து வந்தது. இவர்கள் எல்லோரும் பிளக் செய்யத் தொடங்கி எத்தனை தலைமுறை ஆகிவிட்டது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எண் ஏறினால் என்ன என்று முடிவு செய்ய ஒரு மத்தியானம் போதாதா?)

எண்ணுக்கு அடுத்தபடி என்னை வதைப்பது பெயர். ஹாட் பிளக், கோல்ட் பிளக். கேட்டவுடன் என்ன தோன்றும்? ஹாட் பிளக் என்றால் பெரிய பொறி, கொழுத்த நெருப்பு, நல்ல இழுவை. படித்தவர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். பொறிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பொறி காயிலிலிருந்து வருகிறது. பிளக் தன் நுனியில் ஏறும் சூட்டை எவ்வளவு வேகமாக எஞ்சின் ஹெட்டுக்குத் தள்ளிவிடுகிறது என்பதுதான் இந்தச் சூடு, குளிர்ச்சி விவகாரம் முழுவதும்.

சித்திரை வெயிலில் ஆற்று மணலில் வெறுங்காலோடு நிற்பவனை நினைத்துக்கொள்ளுங்கள். நிழல் நான்கடியில் இருந்தால் இரண்டு எட்டில் போய்விடுவான், கால் அவ்வளவாகச் சுடாது. நாற்பதடியில் இருந்தால் போய்ச் சேருவதற்குள் பாதம் பொரிந்துவிடும். பிளக்கின் நுனிப் பீங்கானுக்கு நிழல் என்பது அதைச் சுற்றியுள்ள உலோகக் கூடு. நுனிப் பீங்கான் கட்டையாக இருந்தால் சூடு சட்டென்று கூட்டுக்கு இறங்கி, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் ஹெட்டுக்குப் போய், தண்ணீரில் கலந்துவிடும். நீளமாக இருந்தால் சூடு வெகுதூரம் நடக்க வேண்டும், நுனி கனன்றுகொண்டே இருக்கும். இரண்டு பிளக்கை அருகருகே பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தால் சாதாரணக் கண்ணுக்கே இது தெரியும். அதற்கு எண்ணும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். ஹாட், கோல்ட் என்பதை விட்டுவிட்டு, சூட்டை வைத்துக்கொள்ளும் பிளக், சூட்டை விட்டுவிடும் பிளக் என்று நம் பட்டறைகளில் சொல்லிப் பழகியிருந்தால் பாதிக் குழப்பம் அன்றே தீர்ந்திருக்கும்.

அந்த நுனிக்கு வாழ்வு ஒரு குறுகிய சந்தில்தான். ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதன்மேல் படியும் கரி எரியாது. கரி சேரச் சேர மின்சாரம் பொறியாகத் தாவாமல் கரி வழியாகவே கசிந்து ஓடிவிடும். வண்டி மிஸ் அடிக்கும். 850 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. 950ஐ எட்டினால், பொறி வருமுன்பே நுனியே கங்காக நின்று பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே தலையில் வெடி விழும். அது இன்னும் சூட்டைக் கூட்டும். அந்தச் சூடு இன்னும் முன்னதாகப் பற்றவைக்கும். அலுமினியம் எவ்வளவு நேரம் தாங்கும்?

இப்போது என் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு படி மாறினால் நுனிச் சூடு சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பது பிளக் செய்பவர்களே சொல்லும் கணக்கு. எனக்குக் கிடைத்தது இரண்டு படி. போதாததற்கு டைமிங். பத்து டிகிரி முன்தள்ளினால் அதுவே இன்னொரு 70, 100 டிகிரியைச் சேர்க்கும். எனக்கு அதில் பாதி சேர்ந்திருக்கும். சமதரையில் உடுமலைக்கும் பழனிக்கும் போய்வந்திருந்தால் ஒருவேளை தெரியாமலே போயிருக்கும். மே மாத வெயிலில், முழு லோடில், செகண்ட் கியரில் மணிக்கணக்காக ஏறும்போது நுனி ஏற்கெனவே சந்தின் மேல்முனையில் நிற்கிறது. அதன் தலையில் இன்னொரு 200 டிகிரியை ஏற்றினேன். வேறு என்ன நடந்திருக்க முடியும்?

இதில் இன்னொரு வேதனை, அந்த வண்டிக்குப் பிளக்கை மாற்றவே தேவை இருக்கவில்லை. எஞ்சினைச் செய்தவர்கள் நுனியில் வெப்பமானி பதித்த பிளக்குகளை மாட்டி, முழு லோடில், முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் கையேட்டில் ஓர் எண்ணை எழுதுகிறார்கள். மலையும் அதில் அடக்கம், கோடையும் அதில் அடக்கம். எஞ்சினில் கை வைக்காதவரை அந்த எண்ணில் கை வைக்கக் காரணமே இல்லை. கம்ப்ரஷனைக் கூட்டினாலோ, டர்போ மாட்டினாலோ, பந்தயத் தடத்தில் ஓட்டினாலோ ஒரு படி குளிர்ச்சிக்குப் போகலாம். எரிவாயுவுக்கு மாற்றிய வண்டிக்கும் வழக்கமாக ஒரு படி குளிர்ச்சியானதும், கொஞ்சம் குறுகலான இடைவெளியும் சொல்வார்கள். ஆனால் கேஸ் கிட் மாட்டித் தரும் இடங்களில் எத்தனை பேர் பிளக்கைத் தொடுகிறார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஆம்னி ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டேன். "கிட்டு மட்டும்தாங்க மாட்டினாங்க, பிளக்கெல்லாம் பழசுதான்" என்றார். பெட்ரோலுக்குக் கணக்குப் போட்ட பிளக்கும் இடைவெளியும் அப்படியே இருக்க, எரிபொருள் மட்டும் மாறிவிட்டது.

எதிர்ப்பக்கத்துக் கூத்து வேறு இருக்கிறது. எங்கள் தெருவில் கல்லூரி போகும் தம்பி ஒருவன் தன் பைக்குக்கு இரண்டாயிரம் ரூபாய் செலவழித்து, மிகக் குளிர்ந்த பந்தயப் பிளக் வாங்கி மாட்டினான். அதை மாட்டினால் வண்டி பறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கல்லூரி மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் கல்லூரி வந்துவிடும். பத்தே நாளில் நுனி கரியப்பிக் கறுத்துவிட்டது. காலையில் உதைத்து உதைத்துக் கால் வலித்தது. பேட்டரியை மாற்றினான், காயிலை மாற்றினான், கார்பரேட்டரைப் பிரித்தான். கடைசியில் என்னிடம் வந்தபோது கையேட்டில் இருந்த பழைய பிளக்கைத் தேடி எடுத்து மாட்டச் சொன்னேன். மறுநாள் காலை முதல் உதையில் கிளம்பியது. முகத்தில் ஏமாற்றம், விலை கூடியது நல்லது என்று நம்பியிருந்தான். யார் அவனுக்கு விற்றார்களோ அவர்கள், "எங்கே ஓட்டப் போறே தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கரி பிடித்த பிளக்குக்கு நம் பட்டறைகளில் நடக்கும் வைத்தியத்தைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு பொறுக்காது. பெட்ரோலில் நனைத்துத் தரையில் வைத்துக் கொளுத்துவது. கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது. கம்பி தேய்த்த இடத்தில் பீங்கான்மேல் உலோகத் துகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்தத் தடத்திலேயே மின்சாரம் கசியும். சுத்தம் செய்த பிளக் பார்க்கப் பளபளக்கும், மூன்றாம் நாள் மறுபடி மிஸ் அடிக்கும். அப்போதுதான், "ஒரு படி சூடு பிளக் போட்டுடலாமுங்க" என்பார்கள். ஏன் கரி பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கார்பரேட்டர் அதிகமாக ஊற்றுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் பாதியில் சிக்கியிருக்கிறதா, ரிங் தேய்ந்து ஆயில் ஏறுகிறதா? ஆயில் தின்னும் கிழட்டு அம்பாசடருக்கு ரீபோர் செய்யக் காசு சேரும்வரை சூடான பிளக்கில் காலம் தள்ளுவதை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து செய்தால் அது ஒரு உபாயம். தெரியாமல் செய்தால் காய்ச்சலை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதுதான்.

கழற்றிய பிளக்கை வீசுமுன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வழக்கமாவது இருந்ததா? பழைய ஆட்கள் பார்ப்பார்கள். நுனி இளந்தவிட்டு நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கறுப்பு, பெட்ரோல் அதிகம் அல்லது பிளக் குளிர்ச்சி. ஈரமான கறுப்பு, ஆயில். வெளுத்துக் கொப்புளம் கட்டினால் சூடு மீறிவிட்டது. வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடிபோல மின்னும் துகள் தெரிந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். அதற்குமேல் வண்டியை ஓட்டவே கூடாது. இத்தனை சேதியும் அந்த விரலளவு பொருளில் எழுதியிருக்கிறது. இப்போது ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை மாற்ற வேண்டாம் என்ற இரிடியம் பிளக்குகள் வந்த பிறகு, கழற்றிப் பார்க்கவே யாருக்கும் தோன்றுவதில்லை.

சரியான எண்ணை வாங்கி வந்தாலும் தப்பிக்க முடியாது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பிளக் தன் சூட்டை மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் இறக்குகிறது என்றேன். முறுக்கம் தளர்ந்திருந்தால் அந்த வழி அடைபடுகிறது. சரியான எண் உள்ள பிளக்கே தவறான பிளக்காகிவிடுகிறது. 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்கைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக முறுக்க வேண்டும். வாஷர் நசுங்குவது கையில் தெரியும். எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்யக் கூடாது. இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் கையால் திருகிவிட்டு, டீ வந்துவிட்டது என்று எழுந்துபோகும் பையனை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு இடத்தில் பலத்தைக் காட்டி முறுக்கி, அலுமினிய ஹெட்டின் மரையே போய்விட்டது.

மரை! எல்லாத் தவறும் இந்த மரையில்தான் தொடங்குகிறது. மரை பொருந்தினால் பிளக் பொருந்திவிட்டது என்று நினைக்கிறோம். ஒரே 14 மில்லிமீட்டர் மரையில் பத்துவிதச் சூடு இருக்கிறது. நீளம் வேறு இருக்கிறது: 12.7 மில்லிமீட்டர் போட வேண்டிய இடத்தில் 19 போட்டால் நுனி பிஸ்டனில் இடிக்கலாம்; 19 போட வேண்டிய இடத்தில் 12.7 போட்டால் ஹெட்டின் மிச்ச மரையில் கரி அடைத்துக்கொள்ளும். நடுவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் உள்ளே மின்தடை இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்த வண்டிக்கு அது இல்லாத பிளக்கைப் போட்டால் சென்சார்கள் குழம்பும். ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. செய்தவன் ஒரு எழுத்தையும் சும்மா போடவில்லை. இத்தனையையும் "பொருந்துதுங்க" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இணையத்தில் இன்னும் மோசம். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று கூசாமல் எழுதி விற்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. மாத்திரை அட்டையில் தேதி போடுகிறார்கள், தீப்பெட்டியில்கூடக் குச்சிக் கணக்குப் போடுகிறார்கள். பிளக் பெட்டியின் பக்கவாட்டில் இந்தக் கம்பெனியில் எண் ஏறினால் சூடா குளிர்ச்சியா என்று ஒரு வரி போடட்டும். அம்புக்குறி ஒன்று போட்டாலும் போதும், எழுதப் படிக்கத் தெரியாத மெக்கானிக்குக்கும் புரியும். கடைக்குக் காலண்டர் கொடுக்கிறார்கள், கடிகாரம் கொடுக்கிறார்கள். நான்கு கம்பெனி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய ஓர் அட்டையைக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? ஐ.டி.ஐ.யில் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு பிளக்கைக் கையில் கொடுத்து நுனிப் பீங்கானை எட்டிப் பார்க்க வைக்க எவ்வளவு நேரமாகும்?

மாருதியை நான் விற்கவில்லை. போன மாதம் பிளக் மாற்ற வேண்டியிருந்தது. கையேட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இப்போது இருப்பவர் பழைய கடைக்காரரின் மகன். தேடிப் பார்த்துவிட்டு, கையேட்டில் உள்ள எண்ணில் இரண்டுதான் இருக்கிறது என்றார். மூன்றாவதாக வேறு கம்பெனிப் பெட்டியை எடுத்து வைத்தார். "இதுவும் கிட்டத்தட்ட அதே நம்பர்தானுங்ண்ணா. மூணுல ஒண்ணு மாறினா என்னாகப் போகுது, தெரியாதுங்க."

இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, மூன்றாவதுக்காக உக்கடம் பஸ் ஏறினேன்.